மெக்கானிக்கல் வால்வா, டிஷ்யூ வால்வா: இளவயதில் எதை வைப்பது?

பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனைக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு வைத்தியம் பார்ப்பார்கள். இதய வால்வு மாற்றவேண்டும் என்றதும் எல்லோரும் கேட்பது, எந்த வால்வு நல்லது என்பதுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது வேறு: ரத்தப் பரிசோதனை செய்யும் இடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

மேலைநாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நம்மூரில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் நிறைய. சிறுவயதில் தொண்டைப்புண்ணோடு தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிடுகிறது. அதிலும் பெண்கள் அதிகம். வெளிநாட்டுப் புள்ளிவிவரத்தை அப்படியே நம் வீட்டுப் பெண்ணுக்குப் பொருத்தக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

முதலில் மெக்கானிக்கல். 1977 முதல் புழக்கத்தில் உள்ள இரட்டை இதழ் வால்வுகள் பைரோலிட்டிக் கார்பனால் ஆனவை. அணு உலை எரிபொருள் துகள்களுக்குப் பூச்சாக உருவான பொருள் அது. மிகவும் உறுதியானது, ரத்தம் அதன்மேல் உறைவதும் குறைவு. நம்முடைய சித்ரா வால்வு வேறு வழியில் போனது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு, டைட்டானியம் சட்டத்தில், திறந்து மூடும் தட்டாகச் செயற்கை நீலக்கல்லை வைத்துப் பார்த்தது. சட்டம் தேய்ந்தது. கோபால்ட் கலவை உலோகத்துக்கு மாறினார்கள். அடுத்து, சோதனைக்காகப் பொருத்திய செம்மறியாட்டின் உடலுக்குள் தட்டே உடைந்தது. கடைசியில் மூட்டு மாற்று சிகிச்சையில் பயன்படும் பாலிஎத்திலீன் வகையில் தட்டைச் செய்தார்கள். கடினமான பொருளே நீடிக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, சற்று மென்மையானதைத் தேர்ந்தெடுத்த அந்த முடிவு எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டிடிகே நிறுவனம் தயாரிக்கும் இந்த வால்வு, இறக்குமதி வால்வுகளைவிட விலை குறைவு.

உடைவதும் தேய்வதும் அபூர்வம் என்பதால் மெக்கானிக்கல் வால்வு ஆயுளுக்கும் வரும் என்று சொல்லலாம். அதற்கு ஈடாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஆயுள் முழுக்கப் போடவேண்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவுதான் ஐ.என்.ஆர். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வுக்கு அது ஏறக்குறைய 2.5 முதல் 3.5 வரை இருக்கவேண்டும். குறைந்தால் ரத்தம் உறைந்து வால்வு சிக்கிக்கொள்ளும், பக்கவாதமும் வரலாம், கூடினால் ரத்தக்கசிவு. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விடவேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். வேறு டாக்டர் தரும் வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும்கூட இந்த அளவைக் குலைக்கும். அதனால் வழக்கமான டாக்டரைக் கேட்காமல் எதையும் வாங்கிப் போடக்கூடாது.

டிஷ்யூ வால்வு பன்றியின் வால்விலோ மாட்டின் இதய உறையிலோ செய்வது. (இதில் மத ரீதியாகத் தயக்கம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதில் தவறே இல்லை.) குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துப் பதப்படுத்துவதால் உடல் அதை எளிதில் நிராகரிப்பதில்லை. பெரும்பாலும் முதல் சில மாதங்களுக்கு மட்டும் ரத்தம் உறையாத மாத்திரை போதும். இதயத்துடிப்பு சீராக இல்லாதவர்கள் தொடரவேண்டியிருக்கும். ஆனால் பதப்படுத்தியது உயிரற்ற திசு, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. கால்சியம் படிந்து இறுகிப்போகும். முதியவர்களுக்கு 10, 15 வருடம் வரலாம். இளம் உடலில் கால்சியம் வேகமாகப் படியும். ஆகவே முப்பது வயதில் வைத்தால் இன்னொரு ஆபரேஷன் கட்டாயம் வரும் என்று கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நோயாளியின் சொந்த செல்களே குடியேறி வளரும் வால்வு வருமா என்று பலரும் கேட்கிறார்கள். ஆராய்ச்சி உண்மையானது. ஆனால் 2001-இல் வியன்னாவில், நோயாளியின் செல்கள் குடியேறும் என்று நம்பி, செல் நீக்கிய பன்றி வால்வு வைத்த நான்கு குழந்தைகளில் மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப்பின் இந்தத் துறை நிதானமாகத்தான் நகர்கிறது. அதை நம்பி இன்றைய ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, எதை எடுப்பது? ஐம்பது வயதுக்குக் கீழே, ஐ.என்.ஆர் பார்க்கும் லேப் பக்கத்தில், மாத்திரையைத் தவறவிடாத வீடு என்றால் மெக்கானிக்கல்தான் என் தேர்வு. லேபுக்கே அரைநாள் பயணம் என்றால் தயங்குவேன். குழந்தை பெற விரும்பும் பெண்ணுக்கு என் மனம் டிஷ்யூ பக்கம் சாயும். கர்ப்பத்தின் ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கக்கூடும். அதற்குப் பதிலாக, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசிக்கு மாறினால் தாயின் வால்வில் ரத்தம் உறையும் அபாயம் கூடும். இரண்டாவது ஆபரேஷன் வரும் என்று தெரிந்தே அவள் முடிவெடுக்கட்டும். மாமியாரோ கணவரோ அவளுக்காக முடிவெடுக்கவேண்டாம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் டிஷ்யூவே போதும்.

எந்த வால்வு வைத்தாலும், ருமாட்டிக் காய்ச்சலுக்காக மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. பல் பிடுங்கப் போனால் வால்வு வைத்திருப்பதை முதலில் சொல்லுங்கள், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தருவார்கள்.