அம்மம்மாவின் பெட்டியிலிருந்த பழைய திருகோணமலைப் படங்களைப் புதுப்பிக்கக் கொடுத்த அனுபவம்

அம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள் கிடந்த 11 படங்களைப் போன மாதம் திருகோணமலை நகருக்குள் இருக்கிற ஒரு ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்து புதுப்பிக்கக் கொடுத்தேன். குறையும் எழுதப் போகிறேன் என்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. எப்படியும் நான் சொல்லப்போவது எந்த ஸ்டூடியோவுக்குப் போனாலும் உதவும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஒரு படம் ஈரம் பிடித்துப் பிரேம் கண்ணாடியோடேயே ஒட்டிப்போயிருந்தது, கடற்கரைப் பக்க வீடுகளில் இது வழக்கம்தானே. உரித்து எடுக்கச் சொன்னேன். கடையில் இருந்த தம்பி, "அண்ணா, இழுத்தால் முகமெல்லாம் கண்ணாடியோட வந்திடும்" என்று மறுத்துவிட்டுக் கண்ணாடியோடேயே வைத்து ஸ்கேன் செய்தார். அவர் அன்றைக்கு மறுத்திருக்காவிட்டால் அந்தப் படம் போயிருக்கும். அது கோணேசர் கோயில் இருக்கிற கடலோரப் பாறையான சுவாமி மலையில் எடுத்தது. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயில் திரும்பக் கட்டப்பட்டுக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். படம் அதற்கு முந்தையது. கோபுரம் இல்லை, வெறும் பாறை, 1687 என்று ஆண்டு வெட்டிய அந்த ஒல்லாந்தர் காலத்து ஒற்றைத் தூண், பூசைத் தட்டோடு ஒரு ஐயர். அவருக்குப் பின்னால் காற்று இழுக்கிற சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அது அம்மம்மாவின் அக்கா என்று தெரிந்தது.

இனிக் குறை. அம்மப்பா டொக்யாட்டில், அதாவது கடற்படையின் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில், வேலை செய்தவர். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளிப்பதற்கு முதல் வருடம், கூட வேலை செய்த 8 பேரோடு நின்று எடுத்த படம் ஒன்று இருந்தது. அம்மப்பாவின் வாய்க்கு மேலால் ஒரு வெடிப்பு. திருத்தி வந்த பிரதியில் வெடிப்பு இல்லை, ஆனால் அம்மப்பா பல் தெரியச் சிரிக்கிறார்! மூலப் படத்தில் வாயை இறுக்க மூடியிருக்கிறார், அவர் எந்தப் படத்திலும் அப்படித்தான். அம்மம்மா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது ஆர்?" என்று கேட்டா. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. கணினியில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) மென்பொருளைப் போட்டுத் தட்டினால் அது காணாத இடத்தைத் தானாக நிரப்பிவிடும், அங்கே இருந்த ஆளை அதற்குத் தெரியாது. அது போதாதென்று படம் ஒட்டியிருந்த மட்டையின் ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள். படம் எடுத்த பழைய ஸ்டூடியோவின் அச்சு முத்திரை அந்த ஓரத்தில்தான் இருந்தது, பின்பக்கம் பென்சிலில் எழுதிய வருடத்தை ஸ்கேன் செய்யவேயில்லை.

திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னேன். தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, காசும் கேட்கவில்லை. இரண்டு நாள் இருந்து வெடிப்பை மட்டும் கையால் மூடி, மட்டை முழுவதையும் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து தந்தார். அதனால்தான் திரும்பவும் அங்கேதான் போவேன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கொடுப்பதென்றால் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லுங்கள்: திருத்தாத ஸ்கேன் ஒன்று தனியாக வேண்டும், ஓரம் வெட்டக்கூடாது, முகத்தில் ஏஐ வேண்டாம், நிறம் ஏற்ற வேண்டாம். ஸ்கேன் 600 டிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) குறையாமல் கேளுங்கள், தபாலட்டை அளவுப் படத்துக்கு அது தாராளம். முத்திரை அளவுப் படமென்றால் 1200. கோப்புகளைப் பென் டிரைவில் வாங்குங்கள். எனக்கு முதலில் வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள், அதில் படம் சுருங்கிப்போய் முகங்கள் மங்கலாகிவிட்டன.

புதுப் பிரதியை வைத்துக்கொண்டு அம்மம்மா 6 பேரின் பெயரைச் சொன்னா, எல்லாவற்றையும் பின்னால் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். பின்வரிசையில் நிற்கிற 3 பேரை இன்னும் அடையாளம் தெரியவில்லை. உவர்மலை, சீனக்குடாப் பக்கம் யாருடைய வீட்டிலாவது 1956 டொக்யாட் குழுப்படம் இருந்தால் ஒருக்கால் எடுத்துப் பாருங்கள்.