சின்னக் கைக்காரனுக்கு ஒரு கிளவுஸ்

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் சுவரோரம் மூன்று கையுறைப் பெட்டிகள் மாட்டியிருக்கும். ஸ்மால், மீடியம், லார்ஜ். ஆண்களில் ஸ்மால் பெட்டிக்குள் கைவிடுகிறவன் நான் ஒருவன்தான். 11 வருஷமாக அதைக் கவனித்துச் சிரிக்காத ஆளில்லை. அதனால் இதை யாருக்காக எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கை சின்னதாக இருப்பவர்களுக்காக. கை பெரிதாக இருப்பவர்களுக்கு ஊரெல்லாம் கிளவுஸ் கிடைக்கிறது, அவர்கள் இங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பொருள்: வில்சன் ஏ2000 டிபி15 பேஸ்பால் கிளவுஸ். பதினொன்றரை அங்குலம். வலது கையால் எறிகிறவர்களுக்கானது, அதாவது இடது கையில் மாட்டுவது. வில்சன் கம்பெனியில் ஏ2000 என்கிற பெயர் 1957-லிருந்து இருக்கிறது. டிபி என்றால் டஸ்டின் பெட்ரோயா. 15 அவருடைய சட்டை எண். பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியில் செகண்ட் பேஸ், அதாவது இரண்டாவது தளத்தைக் காத்தவர். நான் வாங்கிய சமயத்தில் புதிதுக்கு 300 டாலர் பக்கத்தில் போனது. கல்லூரி டீமை விட்டு விலகிய ஒரு பையனிடமிருந்து 140-க்கு வாங்கினேன். அவன் நாலு தடவைகூட மாட்டியிருக்க மாட்டான். பலகை மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தது.

நான் இருப்பது மாசசூசெட்ஸில் வூஸ்டர். (எழுத்துக் கூட்டி வாசித்து முதல் வாரம் முழுக்க ஊர்ப் பெயரையே தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.) எங்கள் லேபும் எக்ஸ்ரே பிரிவும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் பேஸ்பால் ஆடுகிறோம். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தெருவில் ரப்பர் பந்து, அப்புறம் கார்க் பந்து என்று வளர்ந்தவன் என்பதால் வெறுங்கையால் பிடிப்பேன் என்கிற திமிர் எனக்கு இருந்தது. ஒரே ஒரு பந்தில் அது அடங்கியது. உள்ளங்கை மூன்று நாள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

உடனே ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் கையைப் பார்க்கவே இல்லை. "புதுசா ஆடறீங்களா? பெருசா எடுத்துக்கோங்க" என்று பன்னிரண்டரை அங்குலத்தை எடுத்து நீட்டினார். அது அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தூரப் பகுதியில், ஓடிப் பிடிக்கிறவர்களுக்கான அளவு என்று பிறகுதான் தெரிந்தது. அதை மாட்டிக்கொண்டு செகண்ட் பேஸில் நின்றது அண்ணன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடியது மாதிரி. பந்து கிளவுஸில் பட்டது, கிளவுஸ் கையோடு வராமல் தனியாகத் திரும்பியது, பந்து என் தாடைக்கு வந்தது. போதாக்குறைக்குத் தோலைப் பதப்படுத்துகிறேன் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். இந்த ஊர்க் குளிரில் எண்ணெய் உறைந்து, கயிறு நுழையும் ஓட்டையிலெல்லாம் வெள்ளை வெள்ளையாக நின்றது. டிசம்பரில் அதை எடுத்துப் பார்த்த என் மகன், "அப்பா, இதுல சட்னி வாடை வருது" என்றான். அந்தக் கிளவுஸுக்கு அதோடு முடிந்தது.

டிபி15-க்குள் கையை விட்டதும் முதலில் தெரிவது மணிக்கட்டு. கை நுழையும் வாய் மற்ற கிளவுஸ்களைவிடக் குறுகல். விரல் அறைகளும் ஒல்லி. பெட்ரோயாவின் கைக்கென்று இப்படி வெட்டிய அமைப்பை, அவர் பெயரிலேயே "பெட்ரோயா ஃபிட்" என்று விற்றார்கள். தரையில் உருண்டு வரும் பந்துக்குக் கிளவுஸின் நுனியை மண்ணில் ஊன்றிப் பிடிக்க வேண்டும். உள்ளே கை ஆடினால் மண்ணில் பட்ட வேகத்தில் கிளவுஸ் சுழன்றுவிடும். இதில் சுழலவில்லை. விரலை மடக்கினால் தோலும் மடங்குகிறது.

இரண்டாவது, பள்ளம். பந்து போய் உட்காரும் குழி இதில் ஆழமே இல்லை. தட்டு மாதிரி இருக்கிறது. இதில் எப்படிப் பந்து நிற்கும் என்று முதலில் பயந்தேன். நிற்கக் கூடாது என்பதுதான் கணக்கு. ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபுள் பிளேயை யோசித்துப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எறிந்த பந்தை வாங்கி, காலால் பேஸை மிதித்து, உடம்பைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். முதல் பேஸிலிருந்து ஓடி வருகிறவன் அதற்குள் காலடிக்கே சறுக்கி வந்துகொண்டிருப்பான். குழிக்குள் கையை விட்டுப் பந்தைத் தோண்டுவதற்கு நேரம் ஏது? இந்தக் கிளவுஸில் பந்து பட்டதும் வலது கை அங்கேயே காத்திருக்கலாம். எடுத்தோம் என்று சொல்வதைவிடப் பந்து கை மாறியது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெட்ரோயாவின் உயரம் பதிவேட்டில் ஐந்தடி ஒன்பது அங்குலம். அதுவே தாராள மனசோடு போட்ட கணக்கு என்று பாஸ்டன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப் ஆடியவர். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2004-ல் ரெட் சாக்ஸ் 65-வது ஆளாக எடுத்தது. செகண்ட் பேஸுக்கு மாறினார். 2006 ஆகஸ்டில் பெரிய லீகுக்கு வந்து அந்தச் சீசனில் அடித்தது .191 சராசரி. ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 191 ஹிட் (அடித்துப் பேஸை எட்டுவது) என்று அர்த்தம்; .300 தொட்டால்தான் பெருமை. அடுத்த ஏப்ரலிலும் .182. "இந்தக் குள்ளனை எதற்கு வைத்திருக்கிறார்கள்" என்று ஊரே கேட்டது என்பார் எங்கள் எக்ஸ்ரே பிரிவின் மூத்தவர். அவரும் கேட்டவர்தான், மறைக்க மாட்டார். வருஷம் முடியும்போது சராசரி .317, அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம் விருது, வேர்ல்ட் சீரிஸ் கோப்பை. அடுத்த வருஷம் 2008-ல் 213 ஹிட், அதில் 54 டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ் வரை போவது), லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது. பந்து தடுப்பில் சிறந்தவருக்கான கோல்ட் கிளவ் விருது மட்டும் நான்கு.

கிளவுஸைப் பற்றி எழுதும்போது நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 2007 செப்டம்பர் 1-ம் தேதி ஆட்டத்தைத்தான். ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க், எதிரே பால்டிமோர் அணி. ரெட் சாக்ஸுக்குப் பந்து எறிந்த கிளே புக்ஹோல்ஸ் என்ற இளைஞர் தன் இரண்டாவது ஆட்டத்திலேயே ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஏழாவது இன்னிங்ஸ் வரை வந்துவிட்டார். மிகேல் தெஹாதா அடித்த பந்து மைதானத்தின் நடுவே சீறிக்கொண்டு போகிறது. பெட்ரோயா குப்புறப் பாய்ந்து கிளவுஸில் அடக்கி, எழுந்து முதல் பேஸுக்கு எறிகிறார். தெஹாதா தலை முன்னால் வரப் பாய்ந்தும் அவுட். நோ ஹிட்டர் பிழைத்தது. பாய்ந்து பிடித்ததை எல்லாரும் பேசுகிறார்கள். பிடித்த பந்து எவ்வளவு சீக்கிரம் வலது கைக்கு வந்தது என்று பாருங்கள். அந்தத் தட்டுப் பள்ளம் எதற்கு என்பது எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இன்னொன்று 2010. ஜூன் மாதம் கொலராடோவில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன் அடித்தார். மறுநாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் தான் அடித்த பந்தே காலில் பட்டுப் பாதத்தில் எலும்பு முறிவு. ஓய்வெடுக்கச் சொன்னால், கட்டுக் காலோடு மைதானத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து தரைப்பந்து பிடித்துப் பழகினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நானும் கார் ஷெட்டில் முட்டி போட்டேன். கீழே பழைய யோகா பாய், எதிரே கான்கிரீட் சுவர், கையில் டென்னிஸ் பந்து. கால் ஓடாது, இடுப்பு உதவாது. பந்து எங்கே வருகிறதோ அங்கே மணிக்கட்டு மட்டும் போக வேண்டும். பழைய கிளவுஸில் பத்துக்கு மூன்று. டிபி15-ல் பத்துக்கு ஏழு. கிளவுஸ் வாங்குகிறவர்கள் கடையிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம், வெட்கப்படாதவர்களாக இருந்தால். என் முட்டி இரண்டு நாள் மாடிப்படி ஏற மறுத்தது.

பதப்படுத்துவது பற்றி. இந்தத் தோல் கனமானது, சீக்கிரம் வளையாது. அவசரப்பட்டு ஓவன் அடுப்பில் வைக்காதீர்கள், எண்ணெயில் ஊறப்போடாதீர்கள், தேங்காய் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். நான் செய்தது: குளிக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமான வெந்நீரைப் பள்ளத்திலும் மடிப்பிலும் மட்டும் ஊற்றி, சப்பாத்திக் கட்டையின் முனையில் துணியைச் சுற்றி அதே இடத்தில் தட்டினேன். உடனே மகனோடு அரை மணி நேரம் பந்து எறிந்து பிடித்தேன். பிறகு காற்றாட இரண்டு நாள் காயவிட்டேன். அதற்கு மேல் தினமும் பந்து பிடிப்பதுதான் வைத்தியம். ஆறு வாரம் ஆயிற்று. ஏழாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, தாழ்வாக வந்த ஒரு பந்தைப் பிடித்தேன் என்பதே சத்தத்தில்தான் தெரிந்தது. கையில் வலியே இல்லை. சப்பாத்திக் கட்டைக்கு மாற்று வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு ஆகாது என்றும் சொல்ல வேண்டும். சாஃப்ட்பால் ஆடுகிறவர்கள் வாங்காதீர்கள், அந்தப் பெரிய பந்துக்கு இந்தத் தட்டு போதாது. அவுட்ஃபீல்டுக்கும் நீளம் பற்றாது. பந்து எறிகிற பிட்ச்சருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்குப் பந்தை மறைக்கிற மாதிரி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மூடிய வலை வேண்டும். மாதம் ஒரு தடவை பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு இந்த விலை அநியாயம். உள்ளங்கை அகலமானவர்களுக்கு விரல் மரத்துப்போகும்.

பெட்ரோயா பெயர் போட்ட சாமானை வாங்கும்போது அவர் கதையின் கடைசிப் பகுதியும் கூடவே வருகிறது. 2013 சீசனின் முதல் ஆட்டத்திலேயே கட்டைவிரல் தசைநார் கிழிந்தும், அந்த வருஷம் 160 ஆட்டம் ஆடி இரண்டாவது வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வாங்கினவர். 2017 ஏப்ரல் 21-ம் தேதி பால்டிமோரில் மேனி மச்சாடோ செகண்ட் பேஸுக்குச் சறுக்கி வந்தபோது மச்சாடோவின் ஷூ ஸ்பைக்ஸ் பெட்ரோயாவின் இடது காலில் ஏறியது. முட்டியில் குருத்தெலும்பு அறுவை சிகிச்சை. 2018-ல் மூன்று ஆட்டம், 2019-ல் ஆறு. அவ்வளவுதான். 2021 பிப்ரவரி 1-ம் தேதி விலகல் அறிவிப்பு. மொத்தம் 1,512 ஆட்டம், 1,805 ஹிட், சராசரி .299. .300-க்குக் குறைந்த அந்த .001 எங்கள் மூத்தவரை இன்னமும் தூங்கவிடுவதில்லை. கை கடைசி வரை நன்றாகத்தான் இருந்தது, கால்தான் போயிற்று என்பார்.

என் மகனுக்கு 13 வயது. அவனும் செகண்ட் பேஸ்தான். போன வாரம் தன் கிளவுஸை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்து, என்னுடையதைக் கேட்டான். கொடுத்தேன். மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்திப் பார்த்தான், விரலைக் குறுக்கிப் பார்த்தான், உள்ளே போகவில்லை. அவன் கை என்னுடையதைத் தாண்டி ஒரு வருஷமாகிறதாம். இனி வீட்டில் இதை இரவல் கேட்க ஆளில்லை.