தேசிய நுகர்வோர் உதவி எண் 1915: நெல்லைப் பயணியின் மதிப்புரை

விமானம் ரத்தானாலும் ரயில் மணிக்கணக்கில் தாமதமானாலும் "நம்ம நேரம்" என்று சொல்லிவிட்டு வீடு திரும்புவதே நம் பக்கத்து வழக்கம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நடத்தும் 1915 என்ற உதவி எண்ணைப் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், அதை மற்றவர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். ஆனால் ஆதாரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும்.

என் புகார் ஒரு விமான நிறுவனத்தின் மீது. சென்னையிலிருந்து மதுரைக்குப் பறந்து பாளையங்கோட்டை வந்து சேர வேண்டிய நாளில், புறப்பாட்டுக்குச் சற்று முன்பாக, "செயல்பாட்டுக் காரணங்களால்" விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. கவுண்டரில் இருந்தவரோ வானிலைதான் காரணம் என்றார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, வானிலை போன்ற, நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. முன்கூட்டித் தெரிவிக்காமல் வேறு காரணத்துக்காக ரத்து செய்தால் உண்டு. பறக்கும் நேரம் ஒரு மணிக்குள் என்றால் 5,000 ரூபாய், இரண்டு மணிக்குள் என்றால் 7,500, அதற்கும் மேல் 10,000. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து இதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான் கிடைக்கும் என்பதால், சலுகை விலையில் டிக்கெட் எடுத்தவர் பெரிதாகக் கணக்குப் போட வேண்டாம். மாற்று விமானத்தை ஏற்றுக்கொண்டவருக்கு இந்த இழப்பீடு இல்லை. நான் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன்.

1915-இல் தமிழிலேயே பேச முடிந்தது. பி.என்.ஆர். எண், பயண நாள், நான் எதிர்பார்க்கும் தொகை ஆகியவற்றைப் பொறுமையாகக் கேட்டுப் பதிந்துகொண்டு புகார் எண் கொடுத்தார்கள். குறுஞ்செய்தியின் படத்தை இணைத்த பிறகு நிறுவனம் வானிலைப் பேச்சையே எடுக்கவில்லை; இழப்பீடு வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது.

நம் ஊரில் பலரும் ஏஜென்ட் மூலமாகத்தான் டிக்கெட் போடுகிறார்கள். அவரோ தம் கைபேசி எண்ணையே படிவத்தில் நிரப்பிவிடுகிறார். தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று அதே விதி சொல்கிறது. ஆகவே டிக்கெட் போடும்போதே நம் எண்ணைக் கொடுக்கச் சொல்வது நல்லது.

ரயிலைப் பொறுத்தவரை முதலில் ரயில்வேயின் உதவி எண்ணான 139-ஐ அழைப்பதே முறை. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நாம் பயணத்தைக் கைவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் இ-டிக்கெட் வைத்திருப்பவர், ரயில் நம் நிலையத்திலிருந்து புறப்படும் முன்பே டி.டி.ஆர். எனும், பணத்தைத் திருப்பிக் கேட்கும் மனுவைப் பதிவு செய்தாக வேண்டும். தாமதம் தன் கட்டுப்பாட்டை மீறியது என்று ரயில்வே நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஜ்மீர்–ஜம்மு ரயில் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு குடும்பத்தின் வழக்கு அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றதைப் போன்ற தாமதத்துக்கு இந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது.

1915-இன் பெரிய குறை, அதற்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லாதது. நிறுவனம் மறுத்தால் அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.