தெய்சேயில் ஒரு வாரம்: காது கொடுக்கிறவர்களின் குன்று

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், குளூனி ஊருக்கு அருகே ஒரு குன்றின்மேல் இருக்கிறது தெய்சே என்ற சிறு கிராமம். அங்கு வாழும் துறவறச் சகோதரர்கள், ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறுவரை விருந்தினர்களுக்காக நடத்தும் கூடுகையில் சென்ற கோடையில் கலந்துகொண்டேன். அங்கே போக நினைக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் போன காரணத்தைச் சொன்னால்தான் என் மதிப்பீடு விளங்கும். அதற்கு முந்தைய ஆண்டு என் அப்பா இறந்தார். துக்கம் விசாரிக்க வந்த சபையார் அன்பினால்தான் வந்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘அழக்கூடாது, அவர் கர்த்தரிடத்தில் இருக்கிறார்’ என்று ஒவ்வொருவரும் ஒரு வசனத்தோடு சொல்லச் சொல்ல, அப்பாவைப் பற்றிப் பேச எனக்கு இடமே இல்லாமல் போயிற்று. சில மாதங்களில் ஆராதனைக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

தெய்சே சமூகத்தைத் தொடங்கியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சகோதரர் ரோஜே. 1940இல், தமது 25ஆம் வயதில் இங்கே வந்து ஒரு வீட்டை வாங்கி, போரில் தப்பி ஓடிவந்த யூதர்கள் உள்ளிட்ட அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். 1949இல் ஏழு பேர் துறவறச் சகோதரர்களாக இருக்க வாழ்நாள் அர்ப்பணம் செய்தார்கள். இன்று புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கரும் ஒரே வீட்டில் சகோதரர்களாக வாழ்கிறார்கள். ஜெபம் நடக்கும் ஒப்புரவு ஆலயம் 1962இல் திறக்கப்பட்டது. போருக்குப் பிராயச்சித்தமாக ஜெர்மானிய இளைஞர்கள் வந்து அதைக் கட்டினார்கள் என்பதை அறிந்தபின் அந்தத் தரையில் உட்காருவது எனக்கு வேறுவிதமாக இருந்தது. 1985இல் நம் சென்னையிலும் இச்சமூகம் இளைஞர்களைக் கூட்டியிருக்கிறது.

மணி அடித்தால் ஜெபம். நாளுக்கு மூன்று வேளை. ஓரிரு வரிப் பாடலைப் பல மொழிகளில் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். சிறு வேதபகுதி வாசிக்கிறார்கள். பிறகு ஏறத்தாழ பத்து நிமிடம் முழு மௌனம். பிரசங்கம் கிடையாது. முதல் இரண்டு நாள் அந்த மௌனம் எனக்குப் பாரமாக இருந்தது. மூன்றாம் நாள் அதற்காகவே ஆலயத்துக்கு முன்னதாகப் போனேன்.

காலை ஜெபத்துக்குப் பின் ஒரு சகோதரர் வேதபாடத்தை அறிமுகப்படுத்துவார். அதன்பின் சிறு குழுக்களாக உட்கார்ந்து பேச வேண்டும். இந்தக் கூடுகையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் குழுவில் எட்டுப் பேர். ஒருவர் சொல்வதை மற்றவர் திருத்துவதில்லை, அதற்கு ஆலோசனையும் சொல்வதில்லை. அப்பாவின் மரணத்தைச் சொல்லிவிட்டு, வழக்கமான வசனத்தை எதிர்பார்த்துத் தலைகுனிந்திருந்தேன். ஒருவரும் பேசவில்லை. மறுநாள் மதியம், சோப்பு நுரை நிறைந்த பெரிய தொட்டியில் இருவரும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, குழுவிலிருந்த போலந்து நாட்டுச் செவிலியர் ஒருவர், “உங்கள் அப்பா பாடுவாரா?” என்று கேட்டார். அப்பா விடியற்காலையில் பாயில் உட்கார்ந்தபடியே மெல்லப் பாடும் கீர்த்தனையின் முதலடியைப் பாடிக் காட்டினேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு, “இன்னொரு முறை” என்றார். ‘ஒருவரையொருவர் தேற்றுங்கள்’ என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றிற்று.

இரவு ஜெபம் முடிந்தபின்னும் சில சகோதரர்கள் ஆலயத்திலேயே நின்று, தேடி வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கிறார்கள். வெள்ளி இரவு சிலுவையைத் தரையில் கிடத்துகிறார்கள். விரும்புகிறவர்கள் முழங்காலில் வந்து அதன்மேல் நெற்றியை வைத்து ஜெபிக்கிறார்கள். சனி இரவு பக்கத்தில் இருப்பவரின் மெழுகுவர்த்தியிலிருந்து நம்முடையதை ஏற்றிக்கொள்கிறோம்.

வசதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுக்குக் கட்டில்கள் உள்ள எளிய அறை கிடைக்கும், அல்லது சொந்தக் கூடாரத்தில் தங்கலாம். காலையில் ரொட்டியும் வெண்ணெயும், கைப்பிடியில்லாத கிண்ணத்தில் தேநீரும் தருகிறார்கள். காரம் தேடும் நாக்குக்கு ஊறுகாய் கொண்டுபோவது நல்லது. கட்டணம் வயதையும் நாட்டையும் பொறுத்து மாறும். சகோதரர்கள் காணிக்கை வாங்குவதில்லை. மண்பாண்டம் போன்ற தங்கள் கைவேலையால் பிழைக்கிறார்கள். பெரும்பாலோர் தரையில் உட்காருவார்கள் என்றாலும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஓரங்களில் இருக்கை உண்டு. ஓரளவு ஆங்கிலமாவது பேச வராவிட்டால் குழு உரையாடல் கடினம். உரத்த துதியும் நீண்ட பிரசங்கமும் வேண்டுமென்று வருகிறவர்களுக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். துக்கத்தையோ சந்தேகத்தையோ சுமந்துகொண்டு, சபையில் அதை இறக்கிவைக்க இடமில்லாமல் இருப்பவர்கள் தயங்காமல் போகலாம்.

கோடையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வருவதால் இரைச்சல் இருக்கும். அடுத்த முறை அம்மாவை அழைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த அக்டோபரில் போவதாக இருக்கிறேன். அந்தச் செவிலியரும் அதே வாரத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.