காற்றுக்குக் கத்தும் கேமரா: பிக்சலா, பிஐஆரா, ஆளறியும் கேமராவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் நான் குடியிருப்பது ஒரு பின்கட்டு. முன்வீட்டில் வீட்டுக்கார ஆயா இருக்கிறார். இங்குள்ள தமிழர்கள் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் அதுவே பழகிவிட்டது. போன ஆண்டு வீட்டைச் சுற்றி நான்கு கேமரா மாட்டினோம். மாட்டிக்கொடுத்தவர் எல்லாவற்றிலும் அசைவறிதலைப் போட்டுவிட்டு, "ரெடி" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று ராத்திரி என் போன் ஓயவே இல்லை. வாழை இலை ஆடினால் ஒரு மணி, தெருவில் போகும் காரின் வெளிச்சம் சுவரில் தடவினால் ஒரு மணி. காலையில் ஆயா வாசலில் நின்று கேட்டார்: "ஏன் தம்பி, இது திருடன் வந்தா கத்துமா, காத்து வந்தா கத்துமா?"

கேமரா வாங்கும்போது எத்தனை மெகாபிக்சல், இருட்டில் எவ்வளவு தூரம் தெரியும் என்றெல்லாம் கேட்கிறோம். எதைப் பார்த்தால் நம்மைக் கூப்பிடும் என்று கேட்பதில்லை. மூன்றாவது ராத்திரியே நான் போனைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டுப் படுத்தேன். அதற்கப்புறம் அந்த நான்கு கேமராவும் சுவருக்கு அலங்காரம்தான்.

பிறகு சில மாதங்கள் மூன்று முறைகளையும் இதே வீட்டில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். படத்தில் பிக்சல் மாறுவதைப் பார்ப்பது ஒன்று. உடம்புச் சூடு நகர்வதை உணரும் பிஐஆர் இரண்டாவது. படத்துக்குள் இருப்பது ஆளா, வண்டியா என்று பிரித்துப் பார்ப்பது மூன்றாவது.

பிக்சல் முறை இருப்பதிலேயே பழையது, எந்த மலிவு கேமராவிலும் இருக்கும். ஒரு பிரேமையும் அடுத்த பிரேமையும் கழித்துப் பார்க்கிறது. வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அசைவு என்கிறது. அசைந்தது மனிதனா, மாமரக் கிளையா என்று அதற்குத் தெரியாது. ஒரு மேகம் வெயிலை மறைத்தால் முற்றம் முழுக்க நிறம் மாறும், அதுவும் அசைவுதான்.

இந்த ஊரின் அமைப்பும் அதற்கு எதிரி. 1960களில், இனவாரியாக ஊர்களைப் பிரித்த சட்டத்தின் கீழ், இந்தியர்களுக்கென்று அரசு கட்டிய குடியிருப்பு சாட்ஸ்வொர்த். வீடுகள் சரிவில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் நம் முற்றத்தோடு பக்கத்து வீட்டுக் கூரையும் மேல்தெருவும் சேர்ந்தே வரும். எங்கள் இடப்பக்கத்து வீட்டார் இந்தி பேசும் குடும்பம். மூங்கிலில் அனுமனுக்குச் சிவப்பு ஜண்டி, அதாவது கொடி, ஏற்றியிருக்கிறார்கள். கடல்காற்று அடிக்கும் நாளெல்லாம் எங்கள் பக்கவாட்டுக் கேமராவுக்கு அனுமன் தரிசனம்தான்.

பிக்சல் முறைக்குக் கட்டங்கள் உண்டு. திரையைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக் காட்டும், வேண்டாததை விரலால் அழிக்கலாம். ஜண்டியை அழித்தேன், வாழையை அழித்தேன், தெருவை அழித்தேன். மிஞ்சியது சிமெண்ட் நடைபாதை மட்டும். பகலில் அது நன்றாகவே வேலை செய்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். உணர்திறனை நூற்றுக்கு ஐம்பதில் வைத்து, ஒரு வாரம் பார்த்துப் பார்த்து இறக்கியதில் பகல் தொல்லை அடங்கியது.

ராத்திரிதான் தோற்றது. இருட்டியதும் கேமராவின் ஐஆர், அதாவது அகச்சிவப்பு, விளக்குகள் எரியும். பெரும்பாலும் 850 நானோமீட்டர் அலைநீளம், உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரியும். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு இரண்டு விரல்கடை முன்னால் ஒற்றை இழை தொங்கினால் போதும். ஐஆரில் அது டியூப்லைட் மாதிரி மின்னிக்கொண்டு திரையின் கால்பகுதியை அடைத்து ஆடும். மழைத்துளியும் அப்படித்தான், ஒவ்வொன்றும் வெள்ளைக் கோடு. டர்பனின் கோடை மழையில் பிக்சல் முறையை நம்பிப் போனைப் பக்கத்தில் வைத்துத் தூங்க முடியாது.

இன்னொன்று, சாயங்காலம். பகல் படத்திலிருந்து ராத்திரிப் படத்துக்கு மாறும்போது கேமராவுக்குள் ஒரு வடிகட்டி "டிக்" என்று நகரும். வண்ணம் போய்க் கறுப்பு வெள்ளை வரும், திரை முழுக்க மாறும். ஜூன் மாதம் இங்கே ஐந்து மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடுகிறது. தினமும் அந்த நேரத்துக்கு ஒரு பொய் மணி, கோயில் மணி மாதிரி.

பிஐஆருக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. அது படமே பார்ப்பதில்லை. பேட்டரி கேமராக்களின் முகத்தில் பால்நிற பிளாஸ்டிக் குமிழ் ஒன்று இருக்குமே, அதுதான் பிஐஆரின் கண். அந்தக் குமிழ் முன்னால் இருக்கும் இடத்தை விசிறி மடிப்பு போலப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு உடம்புச் சூடு தாண்டினால் கேமராவை எழுப்பும். நிழல், காரின் வெளிச்சம், ஜண்டி, ஒட்டடை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை.

பொருட்படுத்துவது வெப்பநிலை. மனித உடம்புக்கும் பின்னால் இருக்கும் சுவருக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால்தான் அதற்கு ஆள் தெரியும். குளிர்காலக் கடைசியில் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று என்ற சூடான காற்று இறங்கும் நாட்களில் வெயில் 35 டிகிரிக்குப் போகும், மேற்குச் சுவர் அடுப்பு மாதிரி கொதிக்கும். அப்படி ஒரு மத்தியானம் நானே பின்பக்கக் கேமராவுக்கு முன்னால் இரண்டு முறை நடந்து பார்த்தேன், கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கே ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே இடத்தில் நடந்தேன், உடனே கூப்பிட்டது.

இரண்டாவது சிக்கல் திசை. குறுக்கே நடப்பவரை பிஐஆர் சட்டென்று பிடிக்கும். நேராகக் கேமராவை நோக்கி வருபவர் ஒரே பட்டைக்குள் வெகுநேரம் இருப்பதால் கிட்ட வரும்வரை தெரியாமல் போகலாம். எங்கள் பின்பக்கக் கேமராவை மாட்டிக்கொடுத்தவர் நடைபாதைக்கு நேரே வைத்திருந்தார். அதைக் கழற்றி, பாதையைப் பக்கவாட்டில் பார்க்கும் சுவரில் இரண்டரை மீட்டர் உயரத்தில் மாட்டினேன். எந்த அமைப்பையும் தொடவில்லை, இடத்தை மட்டும்தான் மாற்றினேன். அதுவரை தவறவிட்டதையெல்லாம் பிடிக்க ஆரம்பித்தது. பத்து மீட்டருக்கு மேல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தால் ஒன்றுமே தெரியாது, உடம்புச் சூடு கண்ணாடியைத் தாண்டாது.

மூன்றாவது, தூக்கம். பேட்டரி மிச்சம் பிடிக்க கேமரா தூங்கிக்கொண்டே இருக்கும். பிஐஆர் எழுப்பி, அது கண் திறந்து பதிவைத் தொடங்குவதற்குள் ஒரு கணம் போய்விடும். வேகமாகக் கடந்தவரின் முதுகு மட்டும் கிடைக்கும். தெருவைப் பார்த்து வைத்தால் நாள் முழுக்க எழுந்து எழுந்து பேட்டரி சீக்கிரமே தீர்ந்துபோகும்.

குரங்குகளையும் சொல்லியாக வேண்டும். டர்பன்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெர்வெட் குரங்குக் கூட்டம் காலையில் வேலிமேல் வரிசையாக வந்து, வாழைத்தாரைப் பார்த்துவிட்டு, சமையலறை ஜன்னலையும் எட்டிப் பார்க்கும். பிஐஆருக்குச் சூடான உடம்பு என்றால் உடம்புதான், அதன் கணக்கில் ஒவ்வொரு குரங்கும் ஒரு திருடன். வாழைத்தார் விஷயத்தில் அது தப்பு என்றும் சொல்ல முடியாது. ராத்திரியில் குரங்கு நடமாடாது என்பதால் பின்பக்க மணியை இருட்டிய பிறகு மட்டும் அடிக்கும்படி நேரம் குறித்துவிட்டேன்.

ஆளறியும் முறைதான் இன்று கடைகளில் அதிகம் பேசப்படுவது. கேமரா நிறுவனங்களில் ஹிக்விஷன் இதற்கு அக்யூசென்ஸ் என்றும், டாஹுவா விஸ்சென்ஸ் என்றும் பெயர் வைத்திருக்கின்றன. ரியோலிங்க் நேரடியாக ஆள், வண்டி என்றே பிரித்துக் கேட்கிறது. கேமராவுக்குள்ளேயே சின்ன மூளை ஒன்று ஓடி, அசைந்த உருவம் மனிதனைப் போல இருக்கிறதா என்று பார்க்கிறது. கணினி நோண்டப் பிடித்தவர்களுக்கு ஃப்ரிகேட் என்ற இலவச மென்பொருள் உண்டு. பழைய கேமராவையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் பிக்சல் அசைவைப் பார்க்கும், அசைந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஆளா என்று சோதிக்கும். நான் ஒரு மாதம் ஓட்டினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் பராமரிப்பது தனி வேலை. நான் ஊருக்குப் போயிருக்கும்போது ஆயாவால் அதைச் சமாளிக்க முடியாது என்பதால் விட்டுவிட்டேன்.

கேமராவில் இருக்கும் ஆளறிதலையே வாசலுக்கு வைத்தேன். இங்கே கோடு போடுவதில்தான் சூட்சுமம். கோடு தாண்டினால் கூப்பிடு என்று சொல்லும்போது முதலில் நானும் கேட்டின்மேலேயே கோடு இழுத்தேன். தெருவில் நடக்கிறவர்களின் தலை அந்தக் கோட்டில் பட்டு மணி அடித்தது. கோடு கால் பதியும் இடத்தில் இருக்க வேண்டும், கேட்டுக்கு உள்ளே ஓர் எட்டு தள்ளி. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் இடம் விடவேண்டும். ஆளை முதலில் அடையாளம் கண்டு, பின்தொடர்ந்து, அப்புறம்தான் தாண்டினாரா என்று கேமரா சொல்லும். திரையின் ஓரத்தில் கோடு போட்டால் அடையாளம் காண்பதற்குள் ஆள் வெளியே போய்விடுவார்.

உயரத்திலும் கவனம் வேண்டும். திருடன் எட்டக்கூடாது என்று கூரை விளிம்பில் மாட்டுகிறோம். அங்கிருந்து பார்த்தால் மனிதன் ஒரு தலையும் இரண்டு தோளும்தான், மூளை குழம்பிப்போகும். குடை பிடித்தவர், குனிந்து வருபவர், கம்பளி போர்த்தியவர் இவர்களிடமும் தடுமாறும். பொய் மணி ஒரேயடியாக இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். கொடியில் ஹேங்கரோடு காயப்போட்ட என் முழுக்கைச் சட்டை காற்றில் கையை வீசியதை ஒரே சாயங்காலத்தில் மூன்று முறை "ஆள்" என்று அனுப்பியது. ஜண்டிக்கும் மழைக்கும் வாழைக்கும் வாய் திறக்கவில்லை, சட்டைக்குத் திறந்தது. போகட்டும், அது மன்னிக்கக்கூடிய தவறு.

மின்வெட்டைச் சொல்லாமல் தென்னாப்பிரிக்காவில் எதையும் ஒப்பிட முடியாது. 2023 மாதிரி மோசமான ஆண்டு முன்பு இருந்ததில்லை. 2024 மார்ச் கடைசியில் நின்று பத்து மாதம் மூச்சு விட்டோம். 2025 ஜனவரி கடைசியில் திரும்பவும் எட்டிப் பார்த்தது. வெட்டு வந்தால் பேட்டரி பிஐஆர் கேமரா மட்டும் விழித்திருக்கும். ஆனால் ரவுட்டர் செத்திருந்தால் அது யாரைக் கூப்பிடும்? உள்ளே இருக்கும் கார்டில் எழுதிவைப்பதோடு சரி. ரவுட்டருக்கும் பதிவுப் பெட்டிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஒப்பீட்டுக்கே அர்த்தம் வந்தது. மின்சாரம் திரும்பும்போது பிக்சல் முறைக்கு இன்னொரு தொல்லை. தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிய, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி.

இங்கே "பீம்" என்று சொல்லும் வெளிப்புற உணரிகள் நான்காவது வழி. இரண்டு பிஐஆர் மேலும் கீழுமாக இருந்து, இரண்டும் ஒரே நேரத்தில் பார்த்தால் மட்டும் அலாரம் அடிக்கும். பூனை, சின்ன நாய் தப்பிவிடும். ஆயுதக் காவல் நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் அலாரத்துக்கு இதைத்தான் நம்ப வேண்டும், கேமராவை அல்ல. பொய் அலாரத்துக்கு அவர்களை அடிக்கடி வரவழைத்தால், உண்மையான அலாரத்துக்கு வரும்போது காலில் அந்த வேகம் இருக்காது. எங்கள் முற்றத்துக்கு அது அதிகச் செலவு என்று நான் விட்டேன்.

எனக்குத் தெரிந்த தீர்வு ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை. பதிவு செய்வது வேறு, கூப்பிடுவது வேறு என்று பிரித்துவிட்டேன். பதிவு, பின்பக்கப் பேட்டரி கேமரா தவிர மற்ற மூன்றிலும் நாள் முழுக்க ஓடுகிறது, அசைவையே கேட்பதில்லை. விநாடிக்கு 2 மெகாபிட் வைத்தால் ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 ஜிபி. மூன்றுக்கும் 1 டிபி வட்டில் 15 நாள் நிற்கிறது. பழைய பிக்சல் அசைவு பக்கவாட்டில் மட்டும், அதுவும் போனுக்கு வராமல், பதிவின் காலக்கோட்டில் அடையாளம் போட மட்டும். எதையாவது தேடும்போது அது கைகொடுக்கிறது. போனில் மணி அடிப்பது இரண்டே இரண்டு: வாசலில் ஆளறியும் கோடு, பின்பக்கம் ராத்திரி பிஐஆர்.

பக்கத்து வீட்டு ஜன்னலைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துவிட்டேன். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா, முழுக்க வீட்டு உபயோகத்துக்கு விலக்கு தருகிறது என்பது வேறு விஷயம். ஜண்டி வீட்டு அக்காவிடம் நாளை நான்தானே சர்க்கரை கேட்டுப் போக வேண்டும். அந்தக் கட்டத்தை முதலில் போட்டிருந்தால் பாதிப் பொய் மணி அன்றே நின்றிருக்கும்.

ஒவ்வொரு ஞாயிறும் நீளத் துடைப்பத்தால் நான்கு கேமராவையும் ஒட்டடை அடிக்கிறேன். இரண்டு வாரம் விட்டால் பக்கவாட்டுக் காலக்கோடு முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது. புரட்டாசிச் சனிக்கிழமை விடியற்காலை நாலேமுக்காலுக்குப் போன் அடித்தது. பதறி எழுந்து பார்த்தால், கோட்டுக்கு உள்பக்கம் ஆயா, கையில் செம்பு, கேட்டோரத்துத் துளசிக்குத் தண்ணீர். திரையில் அவரைச் சுற்றிப் பச்சைக் கட்டம், மேலே "ஆள்" என்று எழுத்து.