பாக் விரிகுடாவில் வான் வீன் கிராப்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது

கரையோரக் கடலடி மண்ணின் துகள் அளவு, நீர்ப்பிடிப்பு (மண்ணில் அடங்கிய நீரின் அளவு), அடர்த்தி ஆகியவற்றை அளக்கும் பணிக்காக, 250 சதுர சென்டிமீட்டர் பரப்பை அள்ளக்கூடிய சிறிய வான் வீன் கிராப் (தாடைகளால் கடலடி மண்ணைக் கவ்வி அள்ளும் கருவி) ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கி, ஓராண்டாகப் பாக் விரிகுடாவில் நாட்டுப்படகிலிருந்து பயன்படுத்தி வருகிறேன். நெதர்லாந்துப் பொறியாளர் யோஹான் வான் வீன் 1933இல் வடிவமைத்த இக்கருவியின் அமைப்பு மிக எளியது. விரிந்த இரு தாடைகளைத் தாங்கி நிற்கும் கொக்கி, கருவி தரையைத் தொட்டுக் கயிறு தளர்ந்ததும் தானாக விலகுகிறது; கயிற்றை மேலே இழுக்கும்போது நீண்ட கைகள் நெம்புகோலாக இயங்கித் தாடைகளை மூடுகின்றன. அலை மிகுந்த நாளில் மட்டும், படகு ஆடிக் கயிறு தளர்ந்து, கொக்கி நடுநீரிலேயே கழன்றுவிடுவதுண்டு.

சேற்றுத் தரைக்கு இதைவிடப் பொருத்தமான எளிய கருவியை நான் கண்டதில்லை. இங்கே ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ளேயே இருப்பதால், வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் பொறி) இல்லாமல் கையாலேயே இழுத்துவிடலாம். நிறைந்து வந்தால் ஏறத்தாழ மூன்று லிட்டர் மண் கிடைக்கிறது. 63 மைக்ரான் சல்லடையில் மணலையும் சேற்றையும் பிரித்துப் பார்க்க அது தாராளம்.

சிப்பி கலந்த மணல் தரையில்தான் கவனம் வேண்டும். ஒருமுறை விரல்நுனி அளவேயான சிப்பித் துண்டொன்று தாடைகளுக்கிடையே சிக்கிக்கொள்ள, கருவி நீர்மட்டத்துக்கு வந்தபோது அந்த இடைவெளி வழியே நுண்சேறு சாம்பல்நிறப் புகைபோல் கரைந்து போய்க்கொண்டிருந்தது. எஞ்சியதைச் சலித்திருந்தால் உண்மையில் இருப்பதைவிட மணல் மிகுதி என்றே கணக்கு வந்திருக்கும் என்பதால், அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் இறக்கினோம். இறுகிய மணலில் கருவி சில சென்டிமீட்டரே கடித்தது. ஈயக்கட்டிகளைப் பொருத்திய பிறகு ஓரளவு சீரானது.

நீர்ப்பிடிப்புக்கும் அடர்த்திக்கும் இக்கருவியை முழுமையாக நம்பக் கூடாது. தாடைகள் மூடும்போதே மண்ணைப் புரட்டிக் கசக்கிவிடுகின்றன. வேகமாக இறக்கினால், கருவி முன்னே தள்ளும் நீரே மேற்பரப்பின் இளகிய படலத்தைக் கலைத்துவிடுகிறது. ஆகவே கடைசி இரண்டு மீட்டரை மெதுவாக இறக்கி, மேலே வந்ததும் கருவியின் மேல்மூடியைத் திறந்து, கலையாத நடுப்பகுதியில் சிறு குழாயைச் செருகி எடுத்த மண்ணையே உலர்த்துமுன்னும் உலர்த்திய பின்னும் எடை போடுகிறேன். (உலர்த்தும்போது கடல்நீரின் உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது, 100 கிராம் நீர் ஆவியானால் ஏறத்தாழ மூன்றரை கிராம் உப்பு என்று கழிக்க மறக்கக் கூடாது.) அந்த அளவுகளையும் ஓர் இடத்தை மற்றோர் இடத்துடன் ஒப்பிடவே கொள்கிறேன்; துல்லியமான அடர்த்தி வேண்டுவோருக்குக் மண்ணைக் கலைக்காமல் தூணாகவே எடுக்கும் குழாய் வடிவக் கோரர்தான் வழி.

பட்டறை வேலையில் எனக்கு மனக்குறை உண்டு. எவர்சில்வர் தகடு துருவேறவில்லை என்றாலும், கீல் ஆணி ஆறே மாதத்தில் தேய்ந்து தாடைகள் விலகத் தொடங்கின. அதை மாற்றிய பின்பே மீண்டும் கடலுக்குக் கொண்டுபோனேன். புதிதாக வாங்குவோர் மேல்மூடி திறக்கும் வகையையே கேட்டு வாங்குங்கள். பணம் கொடுக்குமுன் மூடிய தாடைகளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இடையில் ஒளிக்கீற்றுத் தெரிகிறதா என்று பாருங்கள்.