அவசரப் பட்டனுக்கு 14,800 ரூபாய் கட்டி ஏமாந்தோம், நீங்கள் கட்டிவிடாதீர்கள்

14,800 ரூபாய். பெரியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசரப் பட்டன், ஒரு வருடச் சந்தா இரண்டுக்கும் சேர்த்து. முதியோர் பராமரிப்புச் சாமான் விற்கிற ஒரு ஆன்லைன் கடையில் கட்டியது.

அம்மா தமிழ்நாடு-கேரள எல்லையில், களியக்காவிளைப் பக்கம் தனியாக இருக்கிறார், எனக்கு வேலை திருவனந்தபுரத்தில். எங்கள் வீட்டில் வாசலுக்கு ஒரு டவர், அடுக்களைக்கு ஒரு டவர். பாதி நேரம் கேரளாவைத்தான் பிடிக்கும். முதல் போனிலேயே இதைச் சொல்லிக் கேட்டேன். "அதெல்லாம் எங்க சிஸ்டம் பாத்துக்கும் மேடம்" என்றார் விற்பனைக்காரர்.

நல்ல தமிழ் அவருக்கு. அம்மாவின் பிரஷர் மாத்திரை பெயரைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் அம்மாவிடமே பேசினார். "அம்மா, நீங்க விழுந்தாலே அது தானா எங்களைக் கூப்பிடும். பட்டனை அமுக்கினா மகன் மாதிரி நான் பேசுவேன்." போனை வைத்ததும் அம்மா, "நல்ல பயலா இருக்கான் மக்களே, வாங்கிப் போடு" என்றார். அந்த நிமிடமே பணத்தை அனுப்பிவிட்டேன்.

போன வாரம் விடிகாலையில் அம்மா கிணற்றடிச் சோப்புத் தண்ணீரில் வழுக்கி, சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தானாகக் கூப்பிடும் கருவி மூச்சு விடவில்லை. சரி என்று பட்டனை அமுக்கியிருக்கிறார். எடுத்த ஆள் இந்தியில் பேசியிருக்கிறார். அம்மாவுக்குத் தமிழ் வரும், மலையாளம் வரும், இந்திக்கு எங்கே போவார்? லைன் கட். முதல் நம்பராகக் கொடுத்த என் நம்பருக்கு ஒரு அழைப்பும் இல்லை. ரப்பர் பால் வெட்டப் போன பக்கத்து வீட்டு அண்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருக்கிறது.

கடைக்குப் போன் போட்டால், "அம்மா மெதுவா விழுந்திருப்பாங்க மேடம்" என்கிறார்கள். எழுபது தாண்டியவர் வேகமாகத்தான் விழ வேண்டுமாம்! பணத்தைக் கேட்டால், கருவி கேரள டவரில் இருக்கிறது, கொச்சி டீமிடம் பேசுங்கள். கொச்சியில் கேட்டால், பின்கோடு தமிழ்நாடு, சென்னையிடம் பேசுங்கள். சென்னையில் கேட்டால், ஆக்டிவேட் செய்த சந்தாவுக்கு ரீஃபண்ட் கிடையாது. மகன் மாதிரிப் பேசியவர் வாட்ஸ்அப்பில் பார்க்கிறார், நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் இல்லை. 14,800 ரூபாய்!

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டும் முன் பட்டனை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். யார் எடுக்கிறார்கள், எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று உங்கள் காதால் கேளுங்கள், ராத்திரியிலும் ஒரு தரம். விழுவதைக் கண்டுபிடிக்கும் சென்சார் திடீர் அதிர்வைத்தான் பார்க்கிறது. மெல்லச் சரிந்தால் பெரும்பாலும் தவறவிடும், அதை நம்பி இருக்காதீர்கள். கிணற்றடி, குளியலறை எல்லாவற்றிலும் சிக்னல் பாருங்கள். எல்லையில் இருப்பவர்கள் 108-க்கு அடித்தால் ஊரோடு மாநிலத்தையும் முதலில் சொல்லுங்கள், டவரைப் பொறுத்து அழைப்பு அந்தப் பக்கம் போய்விடலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. 2019 நுகர்வோர் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. திருவனந்தபுரத்தில்தான் போடப் போகிறேன். கொச்சி டீம் வரட்டும்.